திருச்சி முற்றுகையும் தொண்டைமான் சீமையும்
கர்நாடக வாரிசுப் போர் விட்டுச்சென்ற பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில் கிள்ளனூர் என்றோர் ஊர் உண்டு. இன்று அவ்வழியே செல்வோர் அதனை வானம் பார்த்த பூமியின் ஊர்களுள் ஒன்றாகவே காண்பர். ஆயினும் ஆங்கிலேயக் கும்பெனியின் போர் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஓர்ம், தமது நூலில் இவ்வூரைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். 1754ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையினுள் இருந்த படையினர் உண்ட அரிசி இவ்வூரில் சேர்த்து வைக்கப்பட்டு, காட்டு வழியாக இரவோடு இரவாகக் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்த அரிசி நின்றிருந்தால் கோட்டை வீழ்ந்திருக்கும். கோட்டை வீழ்ந்திருந்தால் தென்னகத்தின் வரலாறு வேறு திசையில் சென்றிருக்கும்.

அக்கோட்டையை முற்றுகையிட்டவர் யார்? உள்ளேயிருந்து காத்தவர் யார்? இவ்வினாவே நம்மைச் சற்று வருத்தத்தோடு சிந்திக்க வைக்கிறது. இருபுறமும் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய முஸ்லிம் குடும்பங்கள் நின்றன. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவர்களுக்குத் துணை செய்வோராகவே களத்தில் இறங்கினர். பாடநூல்கள் இதனைக் 'கர்நாடகப் போர்' என்றும், ஐரோப்பியர் இருவரின் போட்டி என்றும் கூறி முடித்துவிடுகின்றன. உண்மையில் அது ஒரு வாரிசுரிமைப் போர், உள்நாட்டுப் போர். அதில் வென்றவரும் தோற்றவரும் ஈற்றில் நாட்டை இழந்தனர். அதன் போக்கையும் விளைவுகளையும், அப்போருக்கு நெல்லும் ஆளும் கொடுத்த தொண்டைமான் சீமையின் பக்கம் நின்று இக்கட்டுரையில் காண்போம்.

நவாப் பட்டத்துக்கு நேர்ந்த நிலை

அக்காலத்தில் கர்நாடகம் என்ற பெயர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட கிழக்குக் கடற்கரைச் சமவெளியைக் குறித்தது. இன்றைய கர்நாடக மாநிலத்தோடு அதனைக் குழப்பிக் கொள்ளலாகாது. டில்லிப் பேரரசர், அவருக்குக் கீழ் தக்காணத்துச் சுபேதாராகிய நிஜாம், நிஜாமுக்குக் கீழ் ஆர்க்காட்டு நவாப் என்பது ஏட்டளவிலான அமைப்பு. 1707இல் ஔரங்கசீப் மறைந்தபின் இவ்வமைப்பின் மேல்கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நியமனப் பதவியாயிருந்த நவாப் பதவி, தந்தைக்குப்பின் மகன் என்ற பரம்பரைச் சொத்தாக மாறத் தொடங்கியது. அவ்வுரிமை எந்த முறைப்படி யாருக்குச் சேரும் என்பதை வகுத்துரைக்க எவரும் இல்லாது போயினர்.

நவாயத் குலத்தைச் சேர்ந்த சஆதத்துல்லாஹ் கான் 1732இல் மறைய, அவர்தம் சகோதரர் மகன் தோஸ்த் அலி கான் பட்டம் ஏற்றார். அவருடைய மருமகனே ஹுஸைன் தோஸ்த் கான் என்னும் சந்தா சாஹிப். ஆற்றலும் துணிவும் மிக்க இவர் 1736இல் திருச்சியை நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து கைப்பற்றினார். அரசிக்குத் தீங்கு செய்வதில்லை எனத் திருக்குர்ஆன்மீது ஆணையிட்டு உள்ளே நுழைந்தார் என்றும், பட்டுத்துணியில் சுற்றப்பட்டிருந்தது வேதமன்று, செங்கல்லே என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. கதையின் செங்கல்லை ஆராய்ச்சியால் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ இயலாது. ஆனால் கொடுத்த வாக்கு காக்கப்படவில்லை என்பதும், அரசி தன் ஆட்சியையும் உயிரையும் இழந்தார் என்பதும் வரலாறு. திண்டுக்கல், மதுரைப் பகுதிகளும் சந்தா சாஹிபின் சகோதரர் கைகளில் வந்தன. காவிரிக்குத் தெற்கேயிருந்த தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய சிற்றரசுகள் அவரை அஞ்சத் தொடங்கியதும் அப்போதுதான்.

1740இல் மராத்தியர் படையெடுத்தனர். மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் தோஸ்த் அலி போரிட்டு மாண்டார். 1741இல் திருச்சி மராத்தியரிடம் வீழ்ந்தது. சந்தா சாஹிப் சிறைப்பட்டு சாத்தாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தோஸ்த் அலியின் மகன் ஸஃப்தர் அலி 1742இல் வேலூரில் தம் உறவினர் முர்தளா அலியின் சூழ்ச்சியால் கொலையுண்டார். ஸஃப்தர் அலியின் இளவயது மகனும் 1744இல் ஆர்க்காட்டில் ஒரு திருமண விழாவில் குத்திக் கொல்லப்பட்டான். நான்கே ஆண்டுகளில் மூன்று தலைமுறைகள் அழிந்தன. இவற்றுள் ஒன்றே போர்க்களச் சாவு. ஏனைய இரண்டும் வஞ்சகக் கொலைகள்.

இச்சூழலில் நிஜாமுல் முல்க் ஆஸஃப் ஜாஹ், தம் நம்பிக்கைக்குரிய அன்வருத்தீன் கானை நவாபாக நியமித்தார். சட்டப்படி அந்நியமனம் செல்லும். எனினும் நவாயத் குலத்தவரும் அவர்களைச் சார்ந்த கோட்டைத் தலைவர்களும் அன்வருத்தீனை அயலாராகவே கருதினர். நியமன உரிமை ஒருபுறம், குல உரிமை மறுபுறம் என நாடு இரண்டுபட்டது. வெடிமருந்து தயாராயிருந்தது, தீப்பொறி மட்டுமே குறை.

ஆம்பூர் முதல் திருச்சி வரை

அத்தீப்பொறி 1748இல் விழுந்தது. அவ்வாண்டு நிஜாமுல் முல்க் மறைந்தார். அவருடைய மகன் நாசிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரர் முஸஃப்பர் ஜங்கும் தக்காணத்துக்காகப் போட்டியிட்டனர். அதே காலத்தில் சிறை மீண்ட சந்தா சாஹிப், முஸஃப்பர் ஜங்கோடு கூட்டுச் சேர்ந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே இருவருக்கும் படையுதவி அளித்தார்.

1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் (ஹிஜ்ரி 1162) ஆம்பூரில் இரு படைகளும் மோதின. முதியவரான அன்வருத்தீன் யானைமீதிருந்து போரிட்டவாறே உயிர் துறந்தார். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முஹம்மது அலி தப்பித் திருச்சிக் கோட்டையை அடைந்தார். ஒரே நாளில் கர்நாடகத்தின் பெரும்பகுதி சந்தா சாஹிபின் கைக்கு வந்தது.

அடுத்த பதினெட்டு மாதங்களில் மேலிடத்திலும் அதே கதைதான். 1750 டிசம்பரில் நாசிர் ஜங், தம்மோடு வந்த பட்டாணிய நவாபுகளின் சதியால் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்டார். அச்சதியின் பயனைப் பெற்ற முஸஃப்பர் ஜங்கும் 1751 பிப்ரவரியில் அதே கூட்டத்தாரோடு மூண்ட சண்டையில் மாண்டார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, சலாபத் ஜங்கை நிஜாமாக்கினார். தக்காணத்தின் அரியணையில் யாரை அமர்த்துவது என்பதை ஓர் அயல்நாட்டு வணிகக் குழுவின் படையதிகாரி தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

முஹம்மது அலியிடம் எஞ்சியிருந்தது ஏறத்தாழத் திருச்சி ஒன்றே. 1751இல் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் அதனை முற்றுகையிட்டனர். முஹம்மது அலி ஆங்கிலேயக் கும்பெனியை நாடினார். மைசூரின் தளவாய் நஞ்சராஜரையும் நாடினார். உதவிக்கு ஈடாகத் திருச்சியையே தந்துவிடுவதாக அவருக்கு இரகசியமாக எழுதிக் கொடுத்தார். எந்தக் கோட்டைக்காகப் போரோ அந்தக் கோட்டையையே விலையாகப் பேசிய ஒப்பந்தம் அது. மராத்தியத் தலைவர் முராரி ராவும் கூலிப்படையோடு சேர்ந்தார்.

முற்றுகையைத் தளர்த்தும் பொருட்டு இராபர்ட் கிளைவ் 200 ஆங்கிலேயர், 300 சிப்பாய்களோடு சென்று, 1751 செப்டம்பரில் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிப் அவரை ஐம்பது நாள் முற்றுகையிட்டும் பயனில்லை. நவம்பர் இறுதியில் நடந்த கடைசித் தாக்குதல் முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாட்களுள் அமைந்தது. கர்பலாவில் நபிகளாரின் பேரர் வீழ்ந்ததை எண்ணித் துயருறும் அந்நாட்களின் உணர்ச்சி வேகம் படைவீரர்களுக்கு ஊட்டப்பட்டதாக ஓர்ம் எழுதுகிறார். கர்பலா உணர்த்தும் செய்தி என்ன, அந்நாளில் அது பயன்படுத்தப்பட்ட நோக்கம் என்ன என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

தொண்டைமான் எடுத்த முடிவு

அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். 1730 முதல் 1769 வரை அவருடைய ஆட்சி நீடித்தது. 1686ஐ ஒட்டி உருவான இச்சிற்றரசு, தஞ்சைக்கும் சேதுபதி நாட்டுக்கும் மதுரைக்கும் இடையே நெருக்குண்டு கிடந்தது. பெரிய ஆறு இல்லை. கண்மாய்களே வேளாண்மைக்கு ஆதாரம். அதன் அரண், எல்லையெங்கும் மண்டியிருந்த முட்காடு. அதன் படை, அக்காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த கள்ளர் குலத்து வீரர்.

இத்தகைய சிற்றரசர்க்கு உள்நாட்டுப் போர் பெரும் சோதனை. ஒதுங்கி நின்றால் இரு தரப்பும் சூறையாடும். ஒரு பக்கம் சேர்ந்து அது தோற்றால் நாடே போகும். தொண்டைமான் முஹம்மது அலியின் பக்கம் நின்றார். சந்தா சாஹிப் 1736க்குப்பின் தென்னாட்டில் நடந்துகொண்ட முறையையும், 1749 இறுதியில் தஞ்சையை முற்றுகையிட்டுப் பெரும்பணம் கேட்டதையும் அவர் அறிவார். மேலும், நிஜாமின் நியமனம் பெற்ற நவாபின் மகனுக்கு உதவுவது அன்றைய முறைப்படி நேர்மையான செயலே. 1752இன் தொடக்கத்தில் தஞ்சை அரசர் பிரதாப சிங், தளபதி மானோஜியின் தலைமையில் படையனுப்பினார். தொண்டைமான் 400 குதிரை வீரரையும் 3,000 கள்ளர் காலாட்களையும் அனுப்பியதாக ஓர்ம் கணக்குத் தருகிறார். புதுக்கோட்டை போன்ற சிறு சீமைக்கு அது சிறு எண்ணிக்கையன்று.

அணிசேர்க்கையைக் கூர்ந்து நோக்கின், பின்னாளில் சிலர் இக்காலத்துக்குப் பூசிய சமய வண்ணம் உதிர்ந்துவிடுகிறது. முஹம்மது அலியின் பாசறையில் புதுக்கோட்டைத் தொண்டைமான், தஞ்சை மராத்தியர், மைசூர்த் தளவாய், முராரி ராவ், ஆங்கிலேயர் ஆகியோர் இருந்தனர். சந்தா சாஹிபின் பாசறையில் பிரெஞ்சுக் கிறித்தவரும் முஸ்லிம் குதிரைப்படையினரும் இந்துச் சிப்பாய்களும் ஒருங்கே நின்றனர். எவரும் தம் சமயத்துக்காகப் போரிடவில்லை. பட்டம், பணம், பயம் ஆகிய மூன்றே அவர்களைக் கூட்டிவைத்தன.

திருவரங்கத் தீவில் முடிந்த கதை

1752 மார்ச்சில் லாரன்சும் கிளைவும் திருச்சியை அடைந்தனர். பிரெஞ்சுத் தளபதி லா, முற்றுகையைத் தொடரத் துணியாமல் ஏப்ரலில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். சந்தா சாஹிப் இம்முடிவை எதிர்த்தும் வேறு வழியின்றி உடன் சென்றார். தீவின் இருபுற வழிகளும் அடைபட்டன. வடக்கிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. உணவு குன்றியது, சந்தா சாஹிபின் படையினர் கூட்டங்கூட்டமாக விலகினர். அப்போது அவர் நோயுற்றும் இருந்தார்.

தப்பிக்க எண்ணிய சந்தா சாஹிப், தஞ்சைத் தளபதி மானோஜியோடு பேச்சு நடத்தினார். பணம் பெற்றுக்கொண்டு பாதுகாப்பாகக் காரைக்காலுக்கு அனுப்பிவைப்பதாக மானோஜி ஆணையிட்டார். ஆனால் இரவில் அவருடைய பாசறைக்குள் நுழைந்த சந்தா சாஹிபுக்குக் கிடைத்தது விலங்கே. மறுநாள் லாரன்ஸ், முஹம்மது அலி, மைசூரார், தஞ்சையார் ஆகியோர் கூடி, கைதி யாரிடம் இருக்க வேண்டுமென வாதிட்டனர். ஒருவரை ஒருவர் நம்பவில்லை, முடிவும் எட்டப்படவில்லை. 1752 ஜூன் 14ஆம் நாள் (ஹிஜ்ரி 1165) மானோஜியின் ஆட்கள் சந்தா சாஹிபின் தலையை வெட்டினர். அத்தலை முஹம்மது அலியிடம் அனுப்பப்பட்டு, பின்னர் ஒட்டகத்தில் கட்டித் திருச்சி மதிலைச் சுற்றிக் கொண்டு செல்லப்பட்டதாக ஓர்ம் பதிவு செய்கிறார். லா தம் படையோடு சரணடைந்தார். ஏறத்தாழ 800 பிரெஞ்சு வீரரும் 2,000 சிப்பாய்களும் கைதாயினர்.

மீனாட்சி அரசிக்குச் சந்தா சாஹிப் பொய்யாணை செய்துகொடுத்த அதே மண்டபத்தில்தான் அவர் தலையும் வீழ்ந்தது என்பது பிற்காலத்தில் வழங்கிய மரபு. இடம் ஒன்றாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம் ஒன்றே. ஆணையை ஆயுதமாக்கியவர் ஆணையாலேயே ஏமாற்றப்பட்டார். கைதியைக் காப்பதும் அடைக்கலம் தருவதும் நம் மார்க்கம் கண்டிப்போடு விதித்த கடமைகள். முஹம்மது அலி நேரடியாகக் கட்டளையிட்டாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அத்தலைக்கு நேர்ந்த அவமதிப்பை அவர் தடுக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

புதுக்கோட்டை நெல்

போர் அத்துடன் முடியவில்லை. நஞ்சராஜர் ஒப்பந்தப்படி திருச்சியைக் கேட்டார். முஹம்மது அலி அவகாசம் கேட்டுக் காலம் கடத்தினார், கோட்டையைத் தரவில்லை. சினமுற்ற மைசூரார் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, தாம் காத்த கோட்டையைத் தாமே முற்றுகையிட்டனர். முராரி ராவும் அணி மாறினார். 1753, 1754 ஆகிய ஈராண்டுகளும் திருச்சியைச் சுற்றிக் குருதி ஓடியது. இன்று இரயில்வே பணிமனையால் அறியப்படும் பொன்மலை, 1753இல் கடும்போர் நடந்த களம். நகர மக்களுள் பெரும்பாலோர் பசிக்கு அஞ்சி ஊரைவிட்டே வெளியேறினர்.

இந்த இரண்டாம் முற்றுகையில்தான் தொண்டைமான் சீமையின் பங்கு உச்சத்தை அடைந்தது. மைசூரார் தஞ்சை அரசரைத் தம்பக்கம் இழுக்க முயன்றனர். அவர் மனம் ஊசலாடியது. காவிரிக் கழனிகளின் நெல் எந்நேரமும் நின்றுவிடலாம் என்ற நிலை. 1754 பிப்ரவரியில் உணவுப் பொருள் கொணர்ந்த ஒரு பெரும் அணியை எதிரிகள் தாக்கிக் கைப்பற்றினர். காவலுக்கு வந்த ஆங்கிலப் படைப்பிரிவும் அழிந்தது. எஞ்சிய வழி தொண்டைமான் காடு ஒன்றே. கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த நெல் கிள்ளனூரில் சேர்க்கப்பட்டது. கும்பெனிச் சிப்பாய்களின் தளபதியான முஹம்மது யூசுஃப் கான் அதனை இருளில் காட்டு வழியாகக் கொண்டு சேர்த்தார். மருதநாயகம் எனப் பின்னாளில் தமிழுலகம் கொண்டாடும் கான் சாஹிப் இவரே.

இதற்காகப் புதுக்கோட்டை மக்கள் விலை கொடுத்தனர். 1754 கோடையில் பிரெஞ்சுத் தளபதி மெஸ்ஸான் தொண்டைமானைத் தண்டிக்கும் நோக்கோடு அவர் நாட்டில் புகுந்தார். ஊர்மக்கள் முன்னரே மாடுகளையும் தட்டுமுட்டுகளையும் எடுத்துக்கொண்டு அடர்காட்டினுள் மறைந்தனர். படைக்கு அகப்பட்டவை வெற்றுக் குடிசைகளே, அவற்றுக்குத் தீயிட்டனர். கிள்ளனூரில் மட்டும் சில நூறு மூட்டை அரிசி அவர்கள் கையில் சிக்கியது. யார் நவாபானாலும் தீர்வை கட்ட வேண்டிய அந்த எளிய மக்கள், இருவருள் யார் நவாப் என்ற வழக்குக்காக வீடிழந்தனர். ஆர்க்காட்டு அரசவை ஆதரவில் புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் எழுதிய 'துஸுக்கி வாலாஜாஹி', புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, ஓர்மின் ஆங்கில வரலாறு என முத்திறச் சான்றுகள் இப்போருக்கு உள்ளன. முதல் நூலைப் பேராசிரியர் முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே 1934இல் வெளிவரச் செய்தது நமக்கெல்லாம் பெருமை. எனினும் ஒரு நூல் நவாபின் கண்கொண்டும், ஒன்று புதுச்சேரியின் கண்கொண்டும், ஒன்று கும்பெனியின் கண்கொண்டும் பார்க்கிறது. காட்டில் ஒளிந்த உழவரின் கண்கொண்டு எழுதப்பட்ட நூல் ஒன்றுமில்லை.

வென்றவர் பெற்றது என்ன?

1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார், போர்நிறுத்தம் ஏற்பட்டது. 1763இல் பாரிசு உடன்படிக்கை முஹம்மது அலியைக் கர்நாடகத்தின் உரிய நவாபாக ஏற்றது. அடுத்த ஈராண்டுகளில் டில்லிப் பேரரசரின் ஃபர்மானும் 'வாலாஜாஹ்' என்னும் விருதும் அவரைச் சேர்ந்தன. ஏட்டளவில் இது முழு வெற்றி. ஆனால் ஆர்க்காட்டு நவாபின் உரிமையை உறுதிசெய்யும் ஆவணம், இலண்டனும் பாரிசும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குள் ஒரு விதியாக இடம்பெற்றதே அவ்வெற்றியின் உண்மை உருவத்தைக் காட்டிவிடுகிறது.

போர்ச்செலவு முழுவதையும் கும்பெனி நவாபின் கணக்கில் எழுதியது. அதனைத் தீர்க்க அவர் தனி ஆங்கிலேயர்களிடம் வட்டிக்கு வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியை அடகு வைத்தார். செங்கற்பட்டுப் பகுதி 1763இல் ஜாகீராகக் கும்பெனிக்குச் சென்றது. 1767இன் கடன், 1777இன் கடன் என அவை பெருகி, இங்கிலாந்து நாடாளுமன்றத்தையே கலக்கின. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவின் பொருளே ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்தாம். வட்டியை ஹராம் என விலக்கிய சமூகத்தின் ஆட்சியாளர் ஒருவர், வட்டியினாலேயே நாட்டை இழந்த வரலாறு இது.

துணை நின்றோர்க்கு நேர்ந்ததையும் காண்போம். திருச்சிக்கு அரிசி கொண்டுவந்து காத்த யூசுஃப் கான், மதுரையில் தனித்து ஆளத் துணிந்தபோது 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். தூக்கியது அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்த அணியே. நவாபுக்காகப் படையனுப்பிய தஞ்சை, 1773இல் அந்த நவாபாலேயே கும்பெனிப் படைகொண்டு கைப்பற்றப்பட்டது. 1776இல்தான் அரசருக்கு மீண்டது. ஏமாற்றப்பட்ட மைசூர்ப் படையில் போர்க்கலை பயின்ற இளந்தளபதி ஒருவர், அச்சினத்தை மறவாது 1780இல் கர்நாடகத்தின்மீது பாய்ந்தார். அவரே ஹைதர் அலி. திருவரங்கத்தில் தொடங்கிய பகை, ஆர்க்காட்டு முஸ்லிம் ஆட்சியையும் மைசூர் முஸ்லிம் ஆட்சியையும் ஒன்றுக்கொன்று பகையாக்கி, இரண்டையும் கும்பெனிக்கு இரையாக்கியது.

1795இல் வாலாஜாஹ் மறைந்தார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பெனியின் கைக்குச் சென்றது; நவாபுக்கு எஞ்சியது பட்டமும் உபகாரச் சம்பளமும். 1855இல் அப்பட்டமும் நிறுத்தப்பட்டது. திருவரங்கச் சரணடைவுக்கும் ஆர்க்காட்டு ஆட்சி மறைவுக்கும் இடையே சரியாக 49 ஆண்டுகள்.

புதுக்கோட்டை மட்டும் பிழைத்தது. பாளையங்கள் பல ஒழிக்கப்பட்ட பின்னும் அது தனி அரசாக நீடித்தது. தஞ்சையோடு நெடுநாள் வழக்கிலிருந்த கீழாநிலைக் கோட்டை 1803இல் கும்பெனியால் அதற்கு வழங்கப்பட்டது. 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை அது சமஸ்தானமாகவே இருந்தது. இந்நீடிப்புக்கு அது கொடுத்த விலை, கும்பெனியின் பகைவரெல்லாம் தன் பகைவராவதாகும். 1799இல் கட்டபொம்மன் தொண்டைமான் எல்லைக்குள் பிடிபட்டு ஒப்படைக்கப்பட்டதும் அந்த விலையின் ஒரு பகுதியே. 1752இன் தொண்டைமானை 1799இன் நிகழ்ச்சியைக் கொண்டு எடைபோடுவது நேர்மையாகாது. முன்னவர் உரிமையுள்ள நவாபுக்கு உதவினார். அந்த உதவி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

நாம் கற்க வேண்டியது

நம் சமூக ஏடுகளில் நவாபுகளின் கொடைகளைப் போற்றி எழுதும் வழக்கம் உண்டு. அது தவறன்று. வாலாஜாஹ் ஆலிம்களைப் போற்றினார். லக்னோவின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி சென்னைக்கு வந்து கற்பித்ததும், திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795இல் எழுந்ததும் அக்குடும்பத்தின் நற்பேறுகள். ஆனால் கொடையைப் பாடும் நா, பிழையைச் சொல்லத் தயங்கினால் அது வரலாறாகாது, புகழ்மாலையாகிவிடும்.

பிழை என்ன? இரு குடும்பங்களுக்கிடையே உரிமை வழக்கு எழுந்தது பிழையன்று. எந்தச் சமூகத்திலும் அது எழும். ஜமல், ஸிஃப்பீன் போர்கள் முதல் தலைமுறையிலேயே நம்மவரிடையே மூண்டன. ஸிஃப்பீனில், பயன் எவ்வாறாயினும், நடுவர் வைத்துத் தீர்க்கும் முயற்சியேனும் நடந்தது. நம்பிக்கையாளரின் இரு கூட்டத்தார் போரிட்டால் சமாதானம் செய்துவைப்பது ஏனையோர் கடமை என அல்ஹுஜுராத் அத்தியாயம் விதிக்கிறது. 1740 முதல் 1752 வரை ஆர்க்காட்டில் அவ்விதியை நடைமுறைப்படுத்த ஒரு மன்றமும் இல்லை. முயன்ற ஒரு பெரியவரையும் அரசியல் களத்தில் நாம் காணவில்லை. டில்லி தொலைவில் இருந்தது. ஹைதராபாத் தானே பற்றியெரிந்தது. நடுவர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் துய்ப்ளேயும் கிளைவும் வந்து அமர்ந்தனர். அவர்கள் வஞ்சகத்தால் மட்டும் வென்றனர் என்பது பாதி உண்மை. நாம் காலியாக விட்ட இடத்தில் அமர்ந்ததால் வென்றனர் என்பது மறுபாதி.

மற்றொன்று வாக்குறுதி பற்றியது. இவ்வரலாறு நெடுகிலும் முறிந்த ஆணைகளையே காண்கிறோம். மீனாட்சிக்குச் சந்தா சாஹிப் தந்தது, நஞ்சராஜருக்கு முஹம்மது அலி தந்தது, சந்தா சாஹிபுக்கு மானோஜி தந்தது ஆகிய மூன்றும் பொய்த்தன. வாக்கு செல்லாக் காசாகிய நாட்டில், ஒருவரையொருவர் நம்ப இயலாத உள்நாட்டவர் அனைவரும் கடைசியில் தனித்தனியே அயலானிடம் சென்று கைகட்டி நின்றனர்.

சந்தா சாஹிபின் அடக்கத்தலம் திருச்சி நத்ஹர்வலி தர்காவில் உள்ளது. அவரை வென்ற முஹம்மது அலியின் உடலும் சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்டு அதே திருச்சி மண்ணில் அடங்கியது. வாழ்நாளில் ஒரே கோட்டைக்காகப் போரிட்ட இருவருக்கும் அந்நகரம் ஆறடி நிலத்தை மட்டுமே நிலையாகத் தந்தது. அங்கு ஃபாத்திஹா ஓதச் செல்வோர் இருவருக்காகவும் துஆச் செய்யட்டும். திரும்பும் வழியில், அவ்விருவர் வழக்கில் தம் நெல்லையும் குடிசையையும் இழந்த கிள்ளனூர்ப் பக்கத்து எளிய மக்களையும் ஒரு கணம் நினைக்கட்டும்.